பள்ளிக்கூடத்தையே தூக்கிக் கொடுத்த வள்ளல்கள்

ஆசிரியர்களுக்கு இந்த நாடு எதையும் கொடுக்கவில்லை என்று குறைபடுகிறவர்கள், இணையவழி வகுப்பு நடத்தும் புண்ணியவான்களைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள். பழைய பள்ளிக்கூடம் ஆசிரியருக்கு என்ன கொடுத்தது? ஒரு கால் ஆடும் மர நாற்காலி. ஒரு கரும்பலகை. ஒரு டப்பா சாக்பீஸ். தலைக்கு மேல் மின்விசிறி ஓடும்; அதற்கான கட்டணத்தை வேறு யாரோ கட்டுவார்கள். மணி அடிக்க ஒருவர், கூட்டிப் பெருக்க ஒருவர், ஃபீஸ் வாங்க ஜன்னலுக்குப் பின்னால் ஒருவர். இத்தனை பேர் வேலையைப் பிடுங்கிக்கொண்டதால் ஆசிரியருக்கு மிஞ்சியது பாடம் நடத்துவது ஒன்றுதான். எவ்வளவு பெரிய வஞ்சனை! புதிய வள்ளல்கள் அதைத் துடைத்துவிட்டார்கள். கட்டடம், மின்சாரம், மேசை, நாற்காலி, மணி, விளக்குமாறு, ஃபீஸ் வசூல் எல்லாவற்றையும் சேர்த்து, பள்ளிக்கூடத்தையே தூக்கி ஆசிரியர் கையில் கொடுத்துவிட்டார்கள். தங்களுக்கென்று அவர்கள் எடுத்துக்கொண்டது கமிஷன் மட்டும். பாரி வள்ளல்கூட ஒரு தேரைத்தான் கொடுத்தான்.

இந்தக் கொடைக்கு ஒரு தல புராணமும் உண்டு. 2004இல் பாஸ்டனில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சல்மான் கான், நியூ ஆர்லியன்ஸில் இருந்த உறவுக்காரச் சிறுமிக்குத் தொலைபேசி வழியாகவும் இணையம் வழியாகவும் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். 2006இல் பாடங்களை யூடியூபில் ஏற்றத் தொடங்கினார். அது வளர்ந்து கான் அகாடமி ஆயிற்று. மாணவரிடம் காசு வாங்காமல் நடத்தினார் என்பது ஒன்றுதான் அவர் செய்த பிழை. பின்னால் வந்தவர்கள் அதைத் திருத்திக்கொண்டார்கள். 2005இல் பெங்களூரில் டியூட்டர்விஸ்டா கிளம்பியது. அமெரிக்க மாணவர் மாதம் ஏறக்குறைய நூறு டாலர் கட்டினால் போதும், எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் படிக்கலாம். எதிர்முனையில் இந்திய ஆசிரியர், தன் வீட்டில், தன் மேசையில். அப்புறம் 2020 மார்ச் 25 வந்தது. ஊரடங்கில் பள்ளிகள் பூட்டிக் கிடக்க, மொத்த நாடும் ஒரே வாரத்தில் ஜூம் பழகியது. 2019 டிசம்பரில் உலகம் முழுக்க நாளொன்றுக்கு ஒரு கோடியாக இருந்த ஜூம் கூட்டப் பங்கேற்பு, 2020 ஏப்ரலில் 30 கோடி ஆனது. ஒரே ஆள் நாலு முறை நுழைந்தாலும் நாலு என்று எண்ணிய கணக்கு அது. நெட் அறுந்து அறுந்து மறுபடி நுழைந்த நம் ஆசிரியர்களின் பங்களிப்பை இதில் யாரும் குறைத்து மதிப்பிட்டுவிடக் கூடாது.

ஊரடங்கு போய்விட்டது. கொடை போகவில்லை. பி.எட். முடித்து, தகுதித் தேர்விலும் தேறி, பணி நியமனத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களிடம் அது இன்றும் தினந்தோறும் செல்பேசி வழியே பேசுகிறது. ‘வீட்டிலிருந்தே சம்பாதியுங்கள், உங்கள் அறிவே உங்கள் முதலீடு’ என்கிறது. எவ்வளவு பணிவு பாருங்கள்! அறிவைத் தவிர மற்ற முதலீடுகளைப் பற்றித் தன் வாயால் சொல்லிப் பெருமை தேடிக்கொள்ளவில்லை.

முதலில் வீடு. ‘வீட்டிலிருந்தே’ என்ற அந்த அழைப்பைக் கேட்டவுடன் மனக்கண்ணில் ஒரு தனி அறை வரும்: ஜன்னலோரம் மேசை, பின்னால் புத்தக அலமாரி, ஒரு தொட்டிச்செடி. தாம்பரத்திலோ மதுரை வில்லாபுரத்திலோ இரண்டு படுக்கையறை வாடகை வீட்டில் அந்த அறையைத் தேடிக் கண்டுபிடிக்கும் பயிற்சியே ஒருவரின் படைப்பாற்றலை வளர்க்கிறது. பீரோ தெரியாத கோணம் எது, பீரோ மேல் அடுக்கிய சூட்கேஸ் தெரியாத கோணம் எது, கொடியில் காயும் துணி தெரியாத கோணம் எது என்று பார்த்துப் பார்த்துக் கடைசியில் சமையலறைக் கதவுக்கும் பூஜை அலமாரிக்கும் நடுவே ஒன்றரை அடி வெள்ளைச் சுவர் கிடைக்கும். அதற்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கல்வித் துறை கட்டட அனுமதிக்கும் தீயணைப்புச் சான்றுக்கும் பள்ளிகளை எத்தனை முறை அலையவைக்கிறது! இங்கே ஒன்றரை அடியில் ஒரு பள்ளிக்கூடம் திறந்துவிட்டோம்.

இடம் கிடைத்ததும் ஒலி. சாதாரணப் பள்ளியில் மாணவர்கள் ஆசிரியரின் குரலை மட்டும்தான் கேட்பார்கள், சலிப்பு தட்டும். வீட்டு வகுப்பில் அந்தக் குறை இல்லை. நியூட்டனின் மூன்றாம் விதிக்குக் குக்கர் மூன்று விசில் அடித்து விளக்கம் தரும். பக்க அறையில் மாமியாரின் சீரியலில் யாரோ யாரையோ சபிப்பார்கள். தெருவில் பழைய இரும்பு வாங்குகிறவரின் ஒலிபெருக்கி, பதிவு செய்த குரலில், ஆசிரியரைவிடத் தெளிவான உச்சரிப்போடு போகும். ஆடி மாதமென்றால் அம்மன் கோயில் குழாய் ஒலிபெருக்கி விடியற்காலையே வகுப்பில் சேர்ந்துவிடும். அதற்கு மியூட் பொத்தான் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பெண்களுக்கு இந்தத் தொழில் தந்திருக்கும் சுதந்திரத்தைத் தனியாகப் புகழாவிட்டால் நன்றி கொன்றவன் ஆவேன். முன்பெல்லாம் பாவம், பள்ளிக்கூடத்துக்குப் போன ஆசிரியையிடம் காலை எட்டரை முதல் மாலை நாலரை வரை யாரும் காபி கேட்க முடியாது. கேஸ் சிலிண்டர்காரர் வந்தால் கதவைத் திறக்க அவள் இருக்க மாட்டாள். எதிர்வீட்டுக்கு வந்த பார்சலை வாங்கி வைக்க மாட்டாள். குடும்பத்திலிருந்து எட்டு மணி நேரம் இப்படி வலுக்கட்டாயமாகப் பிரிக்கப்பட்டிருந்தாள். இப்போது இருபத்து நாலு மணி நேரமும் குடும்பத்துக்குக் கிடைக்கிறாள். அதோடு சம்பாதிக்கவும் செய்கிறாள். ‘வீட்டில்தானே இருக்கிறாய்’ என்று அவளிடம் சொல்லாத உறவினர் இல்லை. வகுப்பு நடுவே அறைக்கதவு தட்டப்படும்போது ‘கிளாஸ் போயிட்டிருக்கு’ என்று கையால் ஜாடை காட்டி, முகத்தில் சிரிப்பு மாறாமல் பின்னக் கணக்கைத் தொடரும் அந்தக் கலையை எந்த பி.எட். கல்லூரியும் கற்றுத்தந்ததில்லை. வேலையும் வீடும் எங்கே பிரிகின்றன என்ற குழப்பம் அவளுக்கு இனி கிடையாது. எங்கேயும் பிரியவில்லை.

அடுத்து கருவிகள். ஃபைபர் இணைப்பு ஒன்று. அது அறுந்தால் கைகொடுக்க செல்பேசி டேட்டா. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலை ஒன்பது மணிக்குப் போகும் மின்சாரம் மதியம் வரை வராது என்பதால் இன்வெர்ட்டர். எழுதிக்காட்டப் பேனா டேப்லெட். காதுக்கு ஹெட்செட். முகத்துக்கு ரிங் லைட், அதற்கு ட்ரைபாட். ஜூம் இலவசம்தான், நாற்பது நிமிடம் வரை. முன்பு ஒருவருக்கு ஒருவர் பேசினால் அந்த வரம்பு கிடையாது. ஆசிரியர்கள் அதைத் தவறாகப் பயன்படுத்தி ஒரு மணி நேரம் முழுக்கப் பாடம் நடத்திவிடுகிறார்கள் என்று தோன்றியதோ என்னவோ, 2022 மே முதல் அதற்கும் நாற்பது நிமிடம் ஆயிற்று. ஆகவே சந்தா. வீட்டு மின்சாரத்தில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று தமிழ்நாட்டு அரசு கொடுக்கும் சலுகையை ஏசி ஓடும் வகுப்பறை ஓரிரு வாரத்தில் தின்றுவிடும். ஏசி வேண்டாம், மின்விசிறி போதும் என்றால், மைக்கில் காற்று இரையும். ‘மிஸ், உங்க வீட்ல மழையா?’ என்று குழந்தை கேட்கும்.

எல்லாம் வாங்கி அடுக்கிய பின் அந்த மூலை பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். வட்ட விளக்கு பளபளக்கும், ஹெட்செட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரித்திருக்காது, பேனா டேப்லெட்டில் ஒரு கீறல் இருக்காது. தொண்டைமானின் ஆயுதச்சாலையைச் சுற்றிப் பார்த்த ஔவையார் இங்கும் வந்திருந்தால் அதே பாராட்டை வழங்கியிருப்பார். குறைவது ஒன்றே ஒன்று, மாணவர்.

மாணவரைக் கண்டுபிடித்துத் தருவதற்கென்றே தளங்கள் இருக்கின்றன. பதிவு இலவசம். உங்கள் படிப்பு, அனுபவம், மணிக்குக் கட்டணம் எல்லாம் எழுதிவைத்த மறுநாளே ‘பத்தாம் வகுப்புக் கணக்குக்கு ஆசிரியர் தேவை’ என்று செய்தி வரும். மாணவரின் எண் மட்டும் நட்சத்திரக் குறிகளால் மறைந்திருக்கும். அதைப் பார்க்க ‘காயின்’ வாங்க வேண்டும். காயின் வாங்கி எண்ணைப் பார்த்து அழைத்தால், உங்களுக்கு முன்பே காயின் வாங்கிய ஏழெட்டுப் பேர் அழைத்துவிட்டிருப்பார்கள். அந்தத் தகப்பனார் எரிச்சலில், தேவை முடிந்துவிட்டது என்பார். காயின் திரும்ப வராது. வேலை தேடுகிறவரிடம் வேலை தருகிறவரின் முகவரியை விற்பது எவ்வளவு நேர்மையான வியாபாரம்! பழைய தரகர்கள் வேலை கிடைத்த பிறகு காசு கேட்டு மனிதர்களைச் சங்கடப்படுத்துவார்கள். இங்கே அந்தச் சங்கடம் முன்கூட்டியே முடிந்துவிடுகிறது.

அதையும் தாண்டி ஒரு பெற்றோர் சிக்கினால், அடுத்தது டெமோ. இந்தத் தொழிலின் உச்சியில் ஒளிரும் மணி இதுதான். ஒரு மணி நேரம் இலவசமாகப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். மருத்துவரிடம் போய், ‘ஒரு ஊசி சும்மா போடுங்கள், பிடித்தால் தொடர்ந்து காய்ச்சல் வரவழைத்துக்கொள்கிறேன்’ என்று யாரும் கேட்டதில்லை. வக்கீலிடம் ஒரு வாய்தா இலவசமாக வாதாடச் சொன்னதில்லை. ஆசிரியரிடம் மட்டும் கேட்கலாம் என்றால், அது அவர் மீது சமூகம் வைத்திருக்கும் தனி மரியாதை. தீபாவளிக்கு முந்தைய வாரம் புடவைக்கடையில் நூறு புடவை பிரிக்கச் சொல்லிவிட்டு, ‘வீட்ல கேட்டுட்டு வரோம்’ என்று எழுந்துபோகிறவர்களாவது கடைக்காரரின் காபியோடு நிறுத்திக்கொள்வார்கள்; டெமோ கேட்கும் பெற்றோர் பாடத்தையும் எடுத்துக்கொண்டு போவார்கள். காலாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம் டெமோ கேட்டு வரும் கூட்டத்தைப் பார்த்தால் இது புரியும். முக்கோணவியல் ஓர் ஆசிரியரிடம், இருபடிச் சமன்பாடு இன்னோர் ஆசிரியரிடம், நிகழ்தகவு மூன்றாமவரிடம் என்று புத்தகம் முழுவதையும் டெமோவிலேயே முடித்துவிடும் கெட்டிக்காரப் பிள்ளைகள் உண்டு. ‘பையனுக்கு உங்க மெத்தட் ரொம்பப் பிடிச்சிருக்கு மிஸ், யோசிச்சு சொல்றோம்’ என்று போனை வைப்பார்கள். அந்த யோசனைதான் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

தனியாக இப்படித் தடுமாறாமல் பெரிய நிறுவனத்தில் சேர்ந்துவிட்டால்? ஆகா. அந்த வரலாறு பொன்னெழுத்தில் பொறிக்கத் தக்கது.

சீனாவிலிருந்து ஆரம்பிக்கலாம். பெய்ஜிங்கில் 2013இல் தொடங்கிய விஐபிகிட், சீனக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தர அமெரிக்காவிலும் கனடாவிலும் பல்லாயிரம் ஆசிரியைகளைச் சேர்த்தது. இருபத்தைந்து நிமிட வகுப்பு. பெய்ஜிங்கில் மாலை என்றால் அமெரிக்காவில் கருக்கல். மூன்று மணிக்கும் நாலு மணிக்கும் எழுந்து, சிரித்த முகத்தோடு, கையில் பொம்மையை ஆட்டிக்கொண்டு ‘ஏ ஃபார் ஆப்பிள்’ சொல்லிவிட்டு, அதன் பிறகு பகலில் தங்கள் சொந்தப் பள்ளிக்கூட வேலைக்குப் போனவர்கள் ஏராளம். வகுப்பு முடிந்ததும் பெற்றோர் மதிப்பெண் போடுவார்கள். பெரியவர்களுக்குச் சிறியவர்கள் வீட்டிலிருந்து மார்க் வந்த பொற்காலம். 2021 ஜூலையில் சீன அரசு தனியார் டியூஷனுக்குக் கடிவாளம் போட்டு, வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியர்களைக் கொண்டு பாடம் நடத்தக் கூடாது என்றது. வேலை நீக்க உத்தரவு, பணிக்கொடை, பிரிவுபசார விழா என்ற சம்பிரதாயங்கள் எதுவும் தேவைப்படவில்லை. அவர்கள் யாரும் ஊழியர்களே அல்லவே, ‘சுதந்திர ஒப்பந்ததாரர்கள்’. சுதந்திரத்தின் அருமை அன்றுதான் பலருக்கு முழுதாகத் தெரிந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். கோடிங் சொல்லித்தரும் வைட்ஹேட் ஜூனியர், வீட்டிலிருக்கும் படித்த பெண்களை ஆயிரக்கணக்கில் ஆசிரியைகளாக்கியது. 2018இல் தொடங்கிய அந்த நிறுவனத்தை 2020 ஆகஸ்டில் பைஜூஸ் 30 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அதன் விளம்பரங்களில் வுல்ஃப் குப்தா என்றொரு சிறுவன் வந்தான். கூகுளில் கோடிக்கணக்கில் சம்பளத்துக்கு வேலை வாங்கிவிட்ட குழந்தை மேதை. விளம்பரத்துக்கு விளம்பரம் அவன் வயதும் மாறியது, சம்பளமும் மாறியது. அப்படியொரு பையனே இல்லை என்பது பிறகு தெரிந்தது. இல்லாத மாணவனை இவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோகத் தெரிந்தவர்களிடம், இருக்கிற மாணவர்களை நம்பி ஒப்படைப்பதில் என்ன தயக்கம்? விளம்பரத் தர மன்றம்தான் ரசனை இல்லாமல் ஐந்து விளம்பரங்களை நிறுத்தச் சொன்னது. இன்னொரு நயம்: குழந்தைகள் வீட்டிலிருந்தே எதையும் படிக்கலாம் என்று ஊருக்குச் சொன்ன அதே நிறுவனம், 2022இல் தன் சொந்த ஊழியர்களை, வீட்டு வேலை போதும், அலுவலகத்துக்கு வாருங்கள் என்று அழைத்தது. எண்ணூறு பேருக்கு மேல் ராஜினாமா செய்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. வீட்டிலிருந்து வேலை செய்வதன் பெருமையை நிறுவனத்தைவிட அதன் ஊழியர்கள் ஆழமாக நம்பியிருந்தார்கள்.

பைஜூஸையும் விட்டுவிட முடியாது. இந்தியக் கிரிக்கெட் அணியின் மார்பில் அதன் பெயர் இருந்தது. 2022இல் அதன் மதிப்பு 2,200 கோடி டாலர் என்றார்கள். அந்த அக்டோபரில் சிக்கனத்துக்காக 2,500 பேரை வேலையிலிருந்து எடுப்பதாக அறிவித்தது. நவம்பர் தொடக்கத்தில் கால்பந்து வீரர் மெஸ்ஸியைத் தன் தூதராக அறிவித்தது. சிக்கனம் எங்கே, செலவு எங்கே என்று தெரிந்து செய்வதுதானே நிர்வாகம். கிரிக்கெட் வாரியம் 158 கோடி ரூபாய் பாக்கி என்று தீர்ப்பாயத்துக்குப் போக, 2024 ஜூலையில் திவால் நடவடிக்கை தொடங்கியது. அந்த அக்டோபரில் நிறுவனரே தன் கம்பெனியின் மதிப்பு இன்றைக்குப் பூஜ்யம் என்று சொன்னார். கழித்தல் கணக்கை இவ்வளவு தெளிவாக, இவ்வளவு பெரிய எண்களை வைத்து, நாட்டுக்கே நடத்திக்காட்டிய ஆசிரியர் வேறு யார்? தங்கள் சம்பளம் எப்போது வரும் என்று கேட்ட ஊழியர்கள் மட்டும்தான் அந்தப் பாடத்தைச் சரியாகக் கவனிக்கவில்லை.

சங்கீத டீச்சர்கள் இந்த நிறுவனங்களின் வலையில் அகப்படவில்லை. அவர்களுடையது தனி ராஜ்யம், கொரோனாவுக்கு வெகு முன்பே, ஸ்கைப் காலத்திலேயே தொடங்கியது. மயிலாப்பூரிலும் நங்கநல்லூரிலும் விடிவதற்கு முன்பே எரியும் விளக்குகளில் சில, நியூ ஜெர்சிக் குழந்தைகளுக்காக எரிபவை. அங்கே மாலை ஏழு மணி என்றால் கோடையில் இங்கே அதிகாலை நாலரை. நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்கர்கள் கடிகாரத்தைத் திருப்பிவைத்தவுடன் அது ஐந்தரை ஆகிவிடும். மார்ச் இரண்டாம் ஞாயிறு மறுபடி நாலரை. அந்த நாலு மாதம் கூடுதலாகக் கிடைக்கும் ஒரு மணி நேரத் தூக்கத்தைத்தான் இந்த வித்துவான்கள் தீபாவளி போனஸ் என்கிறார்கள். அந்தக் காலத்தில் சிஷ்யன் குருவின் வீட்டில் போய்த் தங்கினான். தண்ணீர் சுமந்தான், துணி துவைத்தான், எப்போதாவது பாட்டும் கேட்டான். இப்போது குரு, சிஷ்யையின் கடிகாரத்துக்குள் போய்த் தங்கியிருக்கிறார். நீச்சல் வகுப்புக்கும் கணித ஒலிம்பியாடுக்கும் நடுவே ஒரு மாயாமாளவகௌளை.

தொழில்நுட்பம் இந்தச் சங்கீதத்துக்குச் செய்திருக்கும் சேவையை லேசாக எடைபோடக் கூடாது. ஜூம் செயலிக்கு இரைச்சல் பிடிக்காது. ஒரே சீராக, நிற்காமல் ஒலிப்பதெல்லாம் அதன் அகராதியில் ஏசி இரைச்சல் அல்லது மின்விசிறி. ஆகவே தம்புராவைக் கண்டவுடன் கவனமாக எடுத்துவிடும். ஆதார சுருதியை ஓர் அசுத்தம் என்று இனங்கண்டு வடிகட்டிய முதல் விமர்சகர் அதுதான். அமைப்புகளுக்குள் தேடிப்போய், ‘அசல் ஒலி’ என்று ஒன்றைத் திறந்துவைத்தால் தம்புரா வரும். கூடவே பால்காரர் மணியும் வரும். தாளத்தின் கதை அதைவிடச் சுவை. சென்னையில் தட்டிய தட்டு அமெரிக்கா போய், குழந்தை அதற்குப் பாடி, அது திரும்பி வர ஏறக்குறைய கால் நொடி ஆகும். நெட் சோர்ந்தால் இன்னும் கூடும். டீச்சர் தட்டுவதற்கு ஏற்ப அந்தப் பக்கம் குழந்தை சரியாகவே பாடும். இந்தப் பக்கம் தள்ளி விழும். சேர்ந்து பாடவே முடியாது. ஒருவர் பாடும்போது மற்றவர் மியூட். சரளி வரிசையில் மூன்றாம் காலம் வரும்போது யார் தாளத்தை விட்டார்கள் என்று இரண்டு கண்டங்களுக்கு நடுவே யாராலும் நிரூபிக்க முடியாது. எனவே இணையச் சங்கீதத்தில் தாளம் தவறிய மாணவர் என்று யாருமே கிடையாது. இப்படியொரு சாதனையைப் பெரிய பெரிய வாக்கேயக்காரர்களின் சிஷ்ய பரம்பரைகள்கூட எட்டியதில்லை. கிளீவ்லாந்தில் 1978 முதல் நடந்துவரும் தியாகராஜ உற்சவத்தின் போட்டிக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது, அதற்குள் ஒரு வர்ணம் தேறிவிடுமா என்று அம்மா திரைக்குள் எட்டிப் பார்த்துக் கேட்பார். தேறிவிடும் என்று சொல்ல வேண்டும். நாலரை மணிக்கு எழுந்தவருக்கு வாதம் செய்யத் தெம்பு ஏது?

வகுப்பு நடக்கும் விதம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் பார்த்ததுதான். கறுப்புக் கட்டங்கள், அவற்றில் பெயர்கள். ‘கேமரா ஆன் பண்ணுப்பா’ என்றால் ‘மிஸ், கேமரா ரிப்பேர்.’ கேள்வி கேட்டால் ‘மிஸ், வாய்ஸ் பிரேக் ஆகுது.’ நாற்பது நிமிடம் பேசிய பிறகு ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டு, வரும் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் பக்குவம் இருக்க வேண்டும். சின்ன வகுப்பென்றால் குழந்தைக்குப் பக்கத்தில் கேமராவுக்கு வெளியே ஓர் அம்மா இருப்பார். விடை அவரிடமிருந்து கிசுகிசுப்பாக வரும். ஆசிரியைக்கு ஒரே ஃபீஸில் இரண்டு மாணவர்கள். இரவு பதினொன்றுக்கு வாட்ஸாப்பில் ‘மிஸ், ஒரு சின்ன டவுட்’ என்று ஏழு பக்கக் கேள்வித்தாள் வரும். மாதக் கடைசியில் ஃபீஸை நினைவூட்டினால் மட்டும் நீலக் குறி விழாது.

ஆனால் இந்தத் தொழிலில் உண்மையாகவே நன்றாகச் சம்பாதிப்பவர்கள் உண்டு. அவர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குப் பொறாமை என்று ஆகிவிடும். ‘வீட்டிலிருந்தே பாடம் நடத்தி மாதம் ஒரு லட்சம் சம்பாதிப்பது எப்படி’ என்று பாடம் நடத்துகிறவர்களைத்தான் சொல்கிறேன். 99 ரூபாய்க்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் கிளாஸ். அதில் மூன்று மணி நேரம் அவர் தன் ஏழ்மைக் காலத்தைச் சொல்வார், பிறகு தன் காரைக் காட்டுவார், கடைசிப் பத்து நிமிடத்தில், உண்மையான ரகசியங்கள் எல்லாம் 14,999 ரூபாய் வகுப்பில் இருக்கின்றன, இன்றிரவு பன்னிரண்டு மணிக்குள் சேர்ந்தால் பாதி விலை என்பார். அவர் கணக்கோ அறிவியலோ எந்தக் குழந்தைக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. அதனால்தான் அவர் குரல் கெடாமல் கணீரென்று இருக்கிறது. ஆசிரியருக்கு மாணவர் கிடைக்காத ஊரில், ஆசிரியர்களையே மாணவர்களாகப் பார்க்கத் தெரிந்த அந்தத் தீர்க்கதரிசனத்துக்கு ஒரு விருது கொடுக்க வேண்டும். அவருடைய வகுப்பில் டெமோ கிடையாது என்பதையும் கவனியுங்கள்.

பாடம் நடத்தும் தொல்லையே வேண்டாம், கேள்விக்கு விடை எழுதிக்கொடுத்தால் போதும் என்ற வழியும் ஒன்று இருந்தது. கலிபோர்னியாவின் செக் நிறுவனத்துக்காக இந்தியாவில் எத்தனையோ பட்டதாரிகள் வீட்டிலிருந்தபடி, விடைக்கு இவ்வளவு என்று, அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் வீட்டுப்பாடத்தை எழுதினார்கள். 2023 மே மாதம் அதன் தலைவர், சாட்ஜிபிடியால் புதிய வாடிக்கையாளர் வரத்து அடிபடுகிறது என்று வாய்திறந்தார். ஒரே நாளில் பங்கு விலை ஏறக்குறையப் பாதியாயிற்று. மாணவர்கள் காப்பியடிக்க மனிதர்களைத் தொந்தரவு செய்வதை நிறுத்திக்கொண்ட நாகரிக வளர்ச்சி என்று இதை வரவேற்க வேண்டும்.

சட்டமும் இந்தத் தொழிலிடம் கனிவாகத்தான் நடந்துகொள்கிறது. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு. அந்தக் கவலை எந்த வீட்டு ஆசிரியரையும் அண்டாதபடி நிறுவனங்கள் பார்த்துக்கொள்கின்றன. கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 28ஆம் பிரிவு, பள்ளி ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது. ஆகவே பள்ளியில் வேலை இருப்பவர்கள் மனைவி பெயரிலோ மச்சினி பெயரிலோ கணக்குத் திறந்து, கேமராவை அணைத்துக் குரலை மட்டும் கொடுக்கிறார்கள். வேலை இல்லாதவர்களுக்கோ எந்தத் தடையும் இல்லை. அவர்களுக்கு மாணவர்தான் இல்லை.

கடைசியாக நட்சத்திரங்கள். வகுப்பு முடிந்ததும் ஐந்தில் எத்தனை என்று பெற்றோர் போடுவார்கள். நெட் அறுந்ததற்கு ஒரு நட்சத்திரம் குறையும், அறுந்தது அவர்கள் வீட்டு நெட்டாக இருந்தாலும். வீட்டுப்பாடம் செய்யாத பையனைக் கண்டித்தால் இரண்டு குறையும். எனவே எல்லாப் பையன்களும் ‘எக்ஸலண்ட்’, எல்லா விடைகளும் ‘சூப்பர் டா கண்ணா’. தப்பான விடைக்கும் ‘நல்ல முயற்சி’. மாணவனைப் பார்த்து ‘இது தப்பு’ என்று சொல்லும் பழைய ஆசிரியர்களின் முரட்டுப் பழக்கத்தை இந்த ஐந்து நட்சத்திரங்கள் ஒழித்துவிட்டன. பிள்ளைகள் தப்பாகவே போட்டாலும் மகிழ்ச்சியாகப் போடுகிறார்கள். அரசுத் தேர்வில் விடைத்தாள் திருத்துகிறவர்தான் ரேட்டிங் பயம் இல்லாமல் சிவப்பு மையில் கோடு போடுகிறார். அவரையும் ஒரு நாள் இந்த ஏற்பாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டால் தமிழ்நாட்டில் தோல்வியே இருக்காது.

இவ்வளவு பெருமையையும் கேட்ட பிறகு நீங்கள் தொடங்காமல் இருக்கப்போவதில்லை, எனக்குத் தெரியும். பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோரம் போட்டாகிவிட்டது, ரிங் லைட்டும் வந்து இறங்கிவிட்டது. ஒன்றே ஒன்று செய்யுங்கள். டெமோவுக்குக் காசு கேளுங்கள். நூறு ரூபாயாவது கேளுங்கள், வகுப்பு தொடங்குவதற்கு முன்பே கேளுங்கள். பக்கத்துத் தெருவில் இதே வேலை செய்யும் டீச்சரிடமும் சொல்லி அவரையும் கேட்கச் சொல்லுங்கள்.